விளையாட்டின் நீளமும் அதன் நயமும்

வீடியோ விளையாட்டுகளை மதிப்பிடுவோரிடையே, "இஃது எத்தனை மணி நேரம் ஆடத்தக்கது?" என்னும் வினாவே முதன்மை பெற்று வருகின்றது. 60, 70 டாலர் கொடுத்து வாங்குவோர் அதற்கீடான பொழுதை எதிர்பார்த்தல் இயல்பே. ஆயினும், துணியை முழம் போட்டு விலை பேசுதல்போல் விளையாட்டையும் மணிக்கணக்கிற் பேசத் தலைப்பட்டதனால் விளைந்த தீங்கு சிறிதன்று என்பது எமது அபிப்பிராயம்.

பொது இடங்களிற் காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் மலிந்திருந்த காலத்தில், ஆட்டம் விரைவில் முடிதலே உடையவனுக்கு ஆதாயம். ஆடுவோன் தோற்றாலன்றோ அடுத்த காசு விழும்! விளையாட்டு வீட்டினுட் புகுந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. விலையை ஒரே முறை கொடுத்தவன், அது நெடுநாள் உழைக்க வேண்டுமென்று விரும்பினான். ஆகவே நீளத்தைப் பற்றிய இவ்வாசை கலையிற் பிறந்ததன்று, கடையிற் பிறந்தது.

அமெரிக்காவின் வால்வ் நிறுவனத்தார் 2007-இல் வெளியிட்ட 'போர்ட்டல்' என்பதை எடுத்துக்கொள்வோம். மூன்று நான்கு மணி நேரத்தில் அது முடிந்துவிடும். ஒரு சுவரில் ஒரு வாயிலும் வேறொரு சுவரில் மற்றொரு வாயிலும் திறந்து, ஒன்றிற் புகுந்து மற்றொன்றில் வெளிப்படுதலே அதன் சூத்திரம். முதலிற் சில அறைகளில் வாயில்கள் தாமே திறக்கின்றன. பின்னர் ஒரு வாயிலை மட்டும் திறக்கும் கருவி கைக்கு வருகின்றது. அதன்பின் இரண்டையும் திறக்கும் ஆற்றல் கிட்டுகின்றது. உயரத்தினின்று வீழும் வேகத்தையே பாய்ச்சலாக மாற்றும் வித்தையையும் ஆடுவோன் கற்றுக்கொள்கின்றான். ஈற்றில், தன்னைச் சோதித்த இயந்திரம் தன்னைத் தீயிலிட முயலுங்கால், அது கற்பித்த பாடத்தைக் கொண்டே அதனிடமிருந்து தப்புகின்றான். கற்றது பயன்பட்டவுடன் ஆட்டமும் முடிகின்றது. இதனைச் சிறிதென்று குறை கூறுதல், குறள் ஏழு சீரில் முடிந்துவிட்டதே என்று வருந்துதலை ஒக்கும்.

நீண்டனவெல்லாம் வீண் என்பதும் எமது கருத்தன்று. போலந்து நாட்டில் ஆக்கப்பெற்று 2015-இல் வெளிவந்த 'விட்சர் 3' என்பதன் முதன்மைக் கதைக்கே ஏறக்குறைய 50 மணி நேரம் வேண்டும். அதனுள், போரினாற் பாழான நாடொன்றை ஆளும் பிரபு ஒருவன், காணாமற்போன மனைவியையும் மகளையும் தேடித் தருமாறு வேண்டுகின்றான். அவன்பால் நமக்கு இரக்கம் உண்டாகின்றது. தேடத் தேட, அவனது குடியும் கொடுமையுமே அவர்களை வீட்டைவிட்டு ஓடச் செய்தன என்பது சிறிது சிறிதாக வெளிப்படுகின்றது. இவ்வுண்மை முதல் நாழிகையிலேயே தெரிந்திருப்பின் அவனை வெறுத்து அகன்றிருப்போம். இரக்கமும் அருவருப்பும் ஒருங்கே நெஞ்சில் நின்று வருத்துவதற்கு அந்நீளம் இன்றியமையாதது.

இதற்கு நேர்மாறானது 2022 ஜனவரியில் நிகழ்ந்தது. அதே நாட்டைச் சேர்ந்த டெக்லாண்ட் நிறுவனத்தார், தமது 'டையிங் லைட் 2' என்பதை முற்றிலும் ஆடி முடிக்க 500 மணி நேரம் ஆகுமென்று பெருமையுடன் அறிவித்தனர். மகிழ்வாரென்று எண்ணியிருந்த ஜனங்களிற் பலர் மலைத்தனர். முதன்மைக் கதைக்கு 20 மணி நேரமே போதும் என்று அவர்களே பின்னர்ச் சமாதானம் கூற நேர்ந்தது! எஞ்சியவை மூலைமுடுக்குகளைத் துருவுதல், எல்லா முடிவுகளையும் காண்டல் முதலியன. நூலிற் சலிப்புத் தட்டினாற் சில ஏடுகளைத் தள்ளிவிடலாம்; விளையாட்டிலோ ஒவ்வோர் அடியையும் ஆடுவோன் தன் கையாலேயே கடத்தல் வேண்டும். பணத்தினும் பொழுதே அரிதாகிய மாணாக்கர் இதனை நன்குணர்வர்.

இனி, இம்மணிக்கணக்கினால் உண்மையில் அடிபடுவோர் சிறு படைப்பாளரே. 'ஸ்டீம்' என்னும் இணையக் கடை 2015 முதல் ஒரு விதியைக் கைக்கொண்டு வருகின்றது: வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக ஆடியிருப்பின், விலையைத் திருப்பிப் பெறலாம். பழுதான சரக்கை வாங்கி ஏமாந்தோர்க்கு இது நல்ல அரண். ஆயின், ஒன்றரை மணி நேரத்தில் நிறைவுறும் அழகிய விளையாட்டொன்றை முழுதும் ஆடி மகிழ்ந்தவனும் விலையைத் திரும்பப் பெற்றுவிடலாமன்றோ? இதற்கஞ்சும் படைப்பாளன் தன் கதையை வேண்டாத ஓட்டங்களால் நீட்டாமல் வேறென் செய்வான்? குறுகிய விளையாட்டுகளுக்கு அவற்றின் நீளத்திற்கேற்பத் தவணையைச் சுருக்குதல் அக்கடையார்க்கு அரிய காரியமன்று. மதிப்புரை எழுதுவோரும் மணிக்கணக்கை முதல் வரியினின்று நீக்கி, அம்மணிகளில் நிகழ்வது யாதென்பதை அவ்விடத்தில் எழுதுவாராக.