பாட வந்தவரைப் பாட விடுங்கப்பா



டிவி சீரியல்களில் பெரிய பாடகர்களைக் கௌரவ வேடத்தில் கூட்டி வருகிறார்கள். பிறந்தநாள், கும்பாபிஷேகம் என்று ஏதோ ஒரு சாக்கு. பாவம், அவர் இரண்டு வரி பாடுவதற்குள் கேமரா மாமியார் முகத்துக்கும் மருமகள் முகத்துக்கும் மூன்று தடவை போய்வந்துவிடும். இதற்கு எதற்குப் பாடகர்? ஒரு ரேடியோ போதுமே.

நம்ம சங்ககிரிப் பக்கத்து அக்கம்மாபேட்டைக்காரர் ஏ.பி.நாகராஜன். 1965இல் திருவிளையாடல் எடுத்தார். சிவாஜி, சாவித்திரி நடித்த படம். அதில் ஔவையாராகக் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளை அழைத்து வந்தார். கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன முருகனைச் சமாதானப்படுத்த வேண்டும், அந்த அம்மாவுக்கு அவ்வளவுதான் வேலை. ஆனால் கதையை அப்படியே நிறுத்திவைத்து முழுசாகப் பாடவிட்டார். சபா வாசலையே மிதிக்காத நம் காட்டு வேலைக்காரர்கள் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டார்கள். வேறெங்கே போய்க் கேட்டிருப்பார்கள்?

அவரே 1975இல் மேல்நாட்டு மருமகளில் உஷா உதுப்பை ஆங்கிலப் பாட்டும் பாட வைத்தார். இசை, நம்ம குன்னக்குடி!

அமெரிக்காவிலும் 1971இல் 'தி பிராடி பஞ்ச்' என்ற நகைச்சுவைத் தொடரில் மங்கீஸ் குழுப் பாடகர் டேவி ஜோன்ஸ் தானாகவே வந்தார். அவரைப் பள்ளி விழாவுக்குக் கூட்டி வருவதாக அந்த வீட்டுப் பெண் வாய்விட்டுவிடுகிறாள். அன்றைய கதையே அதுதான்.

சீரியல் யூனிட்டில் வேலை பார்க்கும் நம் பையன்கள் இதைப் படிப்பார்கள். அடுத்த தடவை ஒரு சரணமாவது வெட்டாமல் எடுங்கப்பா. மாமியார் எங்கேயும் போய்விட மாட்டார்.