தொப்பூர் கணவாயில் சாலைப் பணி: உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது?

பெங்களூருவிலிருந்து சேலம் வரும் லாரி டிரைவர்களுக்கு தொப்பூர் கணவாய் என்றாலே ஒரு பயம் உண்டு. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தருமபுரி மாவட்டத்தில் இருக்கும் இறக்கம் இது. விபத்துகளைக் குறைக்க இங்கே சுமார் 6.6 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலையுடன் கூடிய திட்டம் வகுக்கப்பட்டது. ஆனால் அந்தச் சாலை தயாராகும் வரை, பணி நடக்கும் அதே இறக்கத்தில்தான் வண்டிகள் போயாக வேண்டும். அந்த நாட்களில் டிரைவரையும் தொழிலாளியையும் காப்பது எப்படி?

2020 டிசம்பர் சொன்ன பாடம்

2020 டிசம்பர் 12. கணவாயில் ஏற்கெனவே நடந்த ஒரு விபத்தால் வாகனங்கள் வரிசையாக நின்றிருந்தன. பின்னால் சிமென்ட் மூட்டைகளுடன் வந்த லாரி கட்டுப்பாட்டை இழந்து, நின்ற வண்டிகள் மீது அடுத்தடுத்து மோதியது. 4 பேர் உயிரிழந்தனர். 2024 ஜனவரியிலும் இதே கணவாயில் லாரிகளும் கார்களும் மோதி தீப்பிடித்ததில் 4 பேர் இறந்தனர்.

2020-ல் வரிசை உருவாகக் காரணம் ஒரு விபத்து. சாலைப் பணிக்காக ஒரு லேனை அடைத்தாலும் அதேபோன்ற வரிசைதான் உருவாகும். அதனால் இங்கே முதல் ஆபத்து, பணி நடக்கும் இடத்தைவிட வரிசையின் கடைசி வண்டிக்குத்தான்.

பிரேக் ஏன் பிடிப்பதில்லை?

டீசல் மிச்சமாகும் என்று சிலர் நியூட்ரலில் போட்டு வண்டியை இறக்குகிறார்கள். அப்போது இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது, மொத்த சுமையும் பிரேக் மேல் விழும். தொடர்ந்து மிதிக்க மிதிக்க பிரேக் சூடாகி, பிடிப்பு குறைந்துவிடும். "ஏறுற கியர்லயே இறங்கு" என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

வேகமும் ஒரு கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் டிரைவர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க 2.5 வினாடி எடுத்துக்கொண்டால், அதற்குள் வண்டி சுமார் 42 மீட்டர் ஓடிவிடும். பிரேக் வேலை செய்வது அதற்குப் பிறகுதான்.

விதி என்ன சொல்கிறது?

சாலைப் பணி நடக்கும் இடங்களுக்கு இந்திய சாலை காங்கிரஸ் தனி வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. அதன்படி பணிப் பகுதிக்கு 4 பாகங்கள்:

• முன்னெச்சரிக்கைப் பகுதி
• வண்டிகள் லேன் மாறும் பகுதி
• வேலை நடக்கும் பகுதி
• பழைய லேனுக்குத் திரும்பும் பகுதி

பல இடங்களில் கோட்டை விடுவது முதல் பாகத்தில்தான். தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு போர்டு வைத்தால் சமதளச் சாலையில் ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் கணவாயில் அந்த போர்டைப் பார்க்கும்போது பிரேக் ஏற்கெனவே சூடேறியிருக்கும். எச்சரிக்கை இறக்கம் தொடங்கும் முன்பே கிடைக்க வேண்டும். அதற்கு இயற்கையாகவே அமைந்த இடம், கணவாய்க்கு முன்னால் எல்லா வண்டிகளும் வேகம் குறைக்கும் பாளையம் சுங்கச்சாவடி. வரிசை நீள நீள, எச்சரிக்கை போர்டும் கொடி காட்டுபவரும் பின்னோக்கி நகர வேண்டும்.

தொழிலாளிக்கு ஹெல்மெட் மட்டும் போதுமா?

ஒளிரும் ஜாக்கெட் ஆளைக் காட்டும், லாரியை நிறுத்தாது. கோன்களும் ரிப்பன்களும் அப்படித்தான். இறக்கத்தில் வேலை செய்பவர்களுக்கும் வாகனங்களுக்கும் நடுவே கனமான கான்கிரீட் தடுப்பு தேவை. கொடி காட்டுபவருக்கு விலகி ஓட வழி இருக்க வேண்டும்.

பொறுப்பு யாருக்கு?

விபத்து நடந்தால் டிரைவர் மேல் வழக்கு போடுவது வழக்கம். ஆனால் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலைப் பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால் ஒப்பந்ததாரர், ஆலோசகர், சம்பந்தப்பட்ட அமைப்பு ஆகியோருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது.

வாகன ஓட்டிகள் செய்ய வேண்டியது

• இறக்கத்துக்கு முன்பே குறைந்த கியருக்கு மாறுங்கள்
• வரிசையைக் கண்டதும் ஹசார்டு விளக்கைப் போடுங்கள்
• வரிசையில் நிற்கும்போது முன் வண்டியோடு இடைவெளி விடுங்கள், பின்பக்கக் கண்ணாடியைக் கவனியுங்கள்
• உதவிக்கு தேசிய நெடுஞ்சாலை எண் 1033

உயர்மட்டச் சாலை நாளைய உயிர்களைக் காக்கலாம். அது கட்டப்படும் காலத்தில் வரிசையின் கடைசி வண்டியில் இருப்பவரைக் காப்பது, இறக்கத்துக்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கைதான்.