மாமரம் ஏன் ஒரு வருஷம் ஏமாற்றுகிறது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பழைய வீடுகளின் கொல்லையில் இன்னும் மாமரங்கள் மிச்சமிருக்கின்றன. 'போன வருஷம் கிளை முறியக் காய்ச்சுது, இந்த வருஷம் ஒரு பூகூட இல்லையே' என்ற புலம்பலும் அங்கே புதிதல்ல. கண்ணு பட்டுவிட்டது என்பவர்களும் உண்டு. உண்மையில் இது பல மா ரகங்களின் பரம்பரைக் குணம்.

மாம்பூ வருவது முற்றிய கிளையின் நுனியில். அறுவடைக்குப் பின் விடும் துளிர் சில மாதம் முற்றி, மார்கழிக் குளிரும் சேர்ந்தால் மொட்டு கட்டும். அமோகமாகக் காய்த்த வருஷம் மரத்தின் சத்தெல்லாம் காய்க்கே போய்விடும். துளிர் தாமதமாகும், அல்லது வராமலே போகும். பிறகு பூ எங்கிருந்து வரும்?

வட இந்தியாவின் தசேரி இப்படித்தான். நம்ம ஊர் நீலமோ வருஷம் தவறாது. சீசன் கடைசியில் வரும் பழம், கொட்டையில் வண்டு இருக்குமோ என்று பயந்து பயந்து வெட்டும் பழம் என அதற்கு மரியாதை கொஞ்சம் குறைவுதான். ஆனால், டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் தேடிப் பிடித்தது அதைத்தான். தசேரியையும் நீலத்தையும் கலந்து அங்கே உருவானவையே ஆம்ரபாலியும் மல்லிகாவும். ஆம்ரபாலி ஆண்டுதோறும் காய்க்கும், மரமும் குட்டை.

இன்று பல தோப்புகளில் குறுக்குவழி வேறு. பூப்பதைத் தடுக்கும் ஜிப்ரலின் ஹார்மோனை அடக்க, பேக்லோபூட்ரசால் மருந்தை மரத்தடியில் ஊற்றுகிறார்கள். அளவோடு போட்டால் பலன் உண்டு. மீறினால் கிளைகள் குறுகிப்போகும், மருந்து மண்ணிலேயே தங்கும். குத்தகைக்கு எடுத்தவருக்கு இந்த வருஷக் காய் போதும். மரம் உரிமையாளரின் கவலை.

மரபணு வழி நிதானமானது. பூக்கச் சொல்லும் கட்டளை இலையில் உருவாகி நுனிக்குப் போகிறது என்று 1930-களிலேயே ஊகித்தார்கள். அதைச் சுமப்பது 'எஃப்டி' என்ற புரதம் என்று 2007-இல்தான் தெளிவானது. அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் பாப்லர் மரத்தின் எஃப்டி மரபணுவைப் பிளம் மரத்தில் சேர்த்து, ஒரே வருஷத்தில் பூக்க வைத்தார்கள். கலப்பு வேலை முடிந்ததும் அந்த மரபணு இல்லாத கன்றுகளை மட்டும் பொறுக்கி எடுக்கலாம். விதையிலிருந்து முளைத்த மா பூக்கவே பல வருஷம் காத்திருக்கும் நம் ஆய்வாளர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. அதற்குப் பல பத்தாண்டு நிதியும், மனைகளாகாத தாய்மரத் தோப்புகளும் வேண்டும்.

அதுவரை, நர்சரியில் 'ஹைபிரிட் சார்' என்றால் தலையாட்டிவிடாதீர்கள். ஒட்டுக்கன்றுதானா, எந்த ரகம் என்று கேளுங்கள். ரகப்பெயரும் தாய்மரமும் எழுதிய சீட்டு இல்லாமல் கன்று விற்கக் கூடாது என்பதை அரசு கண்டிப்பாக்க வேண்டும். தப்பான கன்று என்று தெரியவரும்போது நாலைந்து வருஷம் ஓடியிருக்கும்.