‘ஃபார்மட் பண்ணிரலாம் சார்!’

மூன்றே வார்த்தைகளில் ஒரு மரண தண்டனையை எழுத முடியுமா? முடியும். ‘ஃபார்மட் பண்ணிரலாம் சார்!’

கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறீர்கள். வருகிறார். பட்டனை அழுத்துகிறார். திரையில் ஏதோ இங்கிலீஷில் வருகிறது. அதை முழுசாகப் படிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை, அப்பீலும் இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காக்களூர் தொழிற்பேட்டை என்று வைத்துக்கொண்டாலும் சரிதான். பத்துப் பதினைந்து பேர் வேலை பார்க்கும் இடம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரே ஒரு கம்ப்யூட்டர். டாலி கணக்கு, பில், சம்பளப் பட்டியல், கஸ்டமர் அனுப்பிய டிராயிங் எல்லாம் அதற்குள்தான். வாசலில் நெல்லூருக்குப் போகவேண்டிய லோடு லாரி நிற்கிறது. எளாவூர் தாண்டினால் ஆந்திரா. 50 ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு எல்லையைத் தாண்ட இ-வே பில் வேண்டும். அன்றைக்குப் பார்த்து கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது.

முதலாளி அவசரத்தில் ‘ஏதாவது பண்ணுப்பா’ என்கிறார். தம்பியும் பண்ணிவிடுகிறார். சாயங்காலம் கம்ப்யூட்டர் புதுப்பெண் மாதிரி பளிச்சென்று நிற்கிறது.

‘தம்பி, டாலி டேட்டா எங்கப்பா?’

‘டி டிரைவ்ல வெச்சிருந்தீங்களா சார்? சி டிரைவ்ல இருந்தா போயிருக்குமே!’

ஆபரேஷன் சக்சஸ். பேஷன்ட்?

நான் படித்தது பி.காம். அந்தப் படிப்பு கற்றுக்கொடுத்த ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 40 சதவிகிதம் தேய்மானம். 40 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய பெட்டி, மூன்று வருஷத்தில் கணக்குப் புத்தகத்தில் 8,640 ரூபாய்தான். ஆனால், அதற்குள் இருக்கும் மூன்று வருஷக் கணக்கு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் சொத்தாக ஏறுவதில்லை. அதனால்தானோ என்னவோ, பெட்டியைக் காப்பாற்ற நாம் படுகிற பாட்டில் பாதியைக்கூட அதற்காகப் படுவதில்லை. பெட்டி போனால் வேறு வாங்கலாம். கணக்கு போனால், மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவருக்கு 20-ம் தேதி என்கிற கெடு காத்திருக்காது. தாமதக் கட்டணம் நாள் கணக்கில் ஏறும். வட்டி தனி.

‘வேற வழியே இல்லாமத்தானே சார் ஃபார்மட் பண்றாங்க?’ என்று கேட்பீர்கள். 2024 ஜூலை 19-ஐ ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அன்றைக்கு உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டிவிட்டு, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள். விமானங்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம், கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்.

வைத்தியம் என்ன தெரியுமா? ‘சேஃப் மோட்’ வழியாக உள்ளே போய், அந்த ஒரே ஒரு ஃபைலை அழித்தால் போதும். அவ்வளவுதான்! அந்த 85 லட்சம் கம்ப்யூட்டர்களும் நம்ம ஊர் மெக்கானிக் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் ஊமை இல்லை. எங்கே வலிக்கிறது என்று அதுவே ஓரளவு சொல்கிறது. விளக்கே எரியவில்லையா? பிளக், வயர், அப்புறம் எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டாக இருக்கிறதா? மானிட்டர் கேபிளைப் பாருங்கள். பிறகு கரன்ட்டை நிறுத்திவிட்டு, ராமைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்க்க வேண்டும். தூசி பறக்கிற பட்டறைகளில் இதிலேயே பிழைத்துவிடுகிற கம்ப்யூட்டர்கள் உண்டு. தேதி தப்பாகக் காட்டி, எஃப்-1 அழுத்தச் சொல்கிறதா? மதர்போர்டில் இருக்கும் பொட்டு சைஸ் பேட்டரி தீர்ந்திருக்கலாம். ‘பூட் டிவைஸ் இல்லை’ என்கிறதா? யாராவது பென் டிரைவைச் செருகிவிட்டு மறந்திருக்கலாம், ஹார்ட் டிஸ்க் கேபிள் தளர்ந்திருக்கலாம். ஹார்ட் டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போடுகிறதா? உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப ஆன் பண்ணுவது சாகக் கிடக்கிறவரை எழுந்து ஓடச்சொல்வது மாதிரி.

விண்டோஸ் வரைக்கும் வந்துவிட்டு விழுகிறது என்றால்தான் சாஃப்ட்வேர்மேல் சந்தேகம். அப்போதும் முதலில் சேஃப் மோட், பிறகு ஸ்டார்ட்அப் ரிப்பேர். அதுவும் நடக்காவிட்டால், டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டியோ, பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டியோ டேட்டாவை எடுத்துவிடலாம். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் பிட்லாக்கர் சாவி எண் வேண்டும். அதை இன்றைக்கே எழுதி பீரோவில் வையுங்கள். இத்தனையும் முடிந்த பிறகுதான் ஃபார்மட். அது கடைசி வைத்தியம். நம் ஊரில் அதுதான் முதல் வைத்தியம்.

பழியெல்லாம் மெக்கானிக் தலையிலா? இல்லை. ஃபார்மட்டுக்கு ரேட் உண்டு. ஒரு மணி நேர வேலை, கையில் காசு. என்ன கோளாறு என்று அரை நாள் உட்கார்ந்து கண்டுபிடித்து, ‘கேபிள் லூஸ் சார், முந்நூறு ரூபா குடுங்க’ என்று கேட்டால் கொடுப்போமா? ‘கேபிளைச் சொருகினதுக்கு முந்நூறா?’ என்று சண்டைக்குப் போவோம். கண்டுபிடிக்கிற மூளைக்குக் கூலி தராத நாம்தான், அழிக்கிற கைக்குக் கூலி கொடுத்து வளர்க்கிறோம்.

2022 ஆகஸ்ட்டில் மத்திய அரசு ஒரு விதியைத் திருத்தியது. கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் தினமும் அதற்கு ஒரு பேக்அப் எடுத்து, இந்தியாவிலேயே இருக்கும் சர்வரில் வைக்க வேண்டும். நல்ல விதி. ஆனால், இது கம்பெனிச் சட்டத்தில் வருகிறவர்களுக்கு. தனி ஆளாகவோ, கூட்டாகவோ பட்டறை நடத்துகிறவரை இந்த விதி கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தாததாலேயே அவருக்குப் பாதுகாப்பும் இல்லை. தினமும் ஷட்டரை இறக்கும் முன் பூட்டை இழுத்துப் பார்க்கிற கை, ஒரு பென் டிரைவையும் செருகி எடுக்கட்டும். சட்டம் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்த முறை, ‘ஃபார்மட் பண்ணிரலாம் சார்’ என்று குரல் வரும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். திரையில் என்ன வந்தது? என் டேட்டா வெளியே எடுத்தாச்சா? வேறு என்னவெல்லாம் பார்த்தாய் தம்பி?

மூன்றுக்கும் பதில் வந்தால் தாராளமாகக் கூலி கொடுங்கள், கூடவே ஒரு டீயும். வராவிட்டால், ஸ்குரூ டிரைவரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். லாரி இன்னும் ரெண்டு மணி நேரம் நின்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது. கணக்கு போனால் முழுகிவிடும்.