40-க்கு 120

நடுவில் 40 கிடக்கிறது. கடைசிச் சீட்டும் திறந்தாச்சு. எதிராளி சத்தமில்லாமல் 120-ஐத் தூக்கி வைக்கிறார். நீங்க என்ன செய்வீங்க?

பலபேர் இந்த இடத்தில் "என்னையே மிரட்டப் பாக்குறானா?" என்று சூடாகி, தானும் 120-ஐ வைத்துவிடுவார்கள். என் கட்சி வேறு. நம்ம மாதிரி ஆட்களோடு ஆடும் போக்கரில், இவ்வளவு பெரிய கட்டு வந்தால் பெரும்பாலும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போவதே நல்லது.

காசு வச்சு ஆடுறதைச் சொல்லலைங்க. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு ரூமில் ஞாயிற்றுக்கிழமை நாங்க ஆடுறது புளியங்கொட்டைக்கு. ஆளுக்கு 200. ஷிஃப்ட் மாறுகிற வாரம் ஆள் குறையும், மத்தபடி அஞ்சாறு பேர் தேறும். கொட்டைதானேன்னு சிரிக்காதீங்க, அதுக்கே ரெண்டு பேர் ஒரு வாரம் பேசாம இருந்திருக்காங்க :-)

கணக்கைப் பார்ப்போம். நாம 120 வைத்து ஜெயித்தால் கிடைப்பது அவர் வைத்த 120, நடுவில் இருந்த 40, ஆக 160. மொத்தம் 280-ல் நம்ம பங்கு 120. அப்படின்னா 100 தடவைக்கு 43 தடவையாவது நாம ஜெயிக்கணும், இல்லேன்னா கையைக் கடிக்கும். நடுவில் இருப்பதில் பாதியை அவர் கட்டியிருந்தால் 25 தடவை போதும். சமமாகக் கட்டினால் 33, இரண்டு மடங்கு என்றால் 40. எத்தனை மடங்கு ஏற்றினாலும் இது 50-ஐத் தொடாது. ஆக, பயமுறுத்துவது கணக்கு இல்லை, அந்தக் குவியலோட உயரம்தான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஆள் 100-க்கு 43 தடவை பொய் சொல்லக்கூடியவரா?

இன்னொரு விஷயம். நடுத்தரமான சீட்டை வைத்துக்கொண்டு யாரும் மூன்று மடங்கு கட்ட மாட்டார்கள். அங்கே இருப்பது ஒன்று பிரமாதமான சீட்டு, இல்லை வெறும் சக்கை. தரையில் ராஜா, 9, 4, 2, 7 கிடக்கு. ராஜாவும் 9-ம் ஆர்ட்டின் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம கையில் ராஜாவும் ராணியும். பார்க்க அழகான ஜோடிதான். ஆனால் அவரிடம் பிரமாதம் இருந்தால் நாம தோற்போம், சக்கை இருந்தால் வெறும் 9 ஜோடியே ஜெயிக்கும். ராணியின் அழகு இங்கே செல்லாது. அந்த ராணி ஆர்ட்டினாக இருந்தால் இன்னும் மோசம். ஆர்ட்டினில் ஃப்ளஷ் தேடி ஏமாந்தவர்தான் இங்கே பொய் சொல்ல ஆசைப்படுவார். ஆர்ட்டின் ராணியை நாமே வைத்திருந்தால் அவர் அப்படி ஏமாந்திருக்கும் வாய்ப்பு குறைகிறது. இதை எங்க ரூமில் விளக்கினால் கொட்டையை எறிவார்கள்.

2017 ஜனவரியில் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் லிப்ராடஸ் என்ற கணினி நிரல், நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாள், 1,20,000 ஆட்டம் ஆடி ஜெயித்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செய்தது. சின்னக் குவியலுக்குப் பல மடங்கு கட்டுவது அதோட பழக்கம். நல்ல சீட்டுக்கும் கட்டும், சக்கைக்கும் கட்டும், அளவாகக் கலந்து. அதனால்தான் அத்தனை அனுபவசாலிகளும் ஒவ்வொரு தடவையும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நம்ம ரூம் ஆசாமி லிப்ராடஸ் இல்லை. 120 வைக்கும்போது அவர் கையில் நிஜமாவே ஏதோ இருக்கு.

இதெல்லாம் ஆளைத் தெரிந்தால்தான். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லி, 2022-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் அந்த இரண்டுக்கும் இருந்த தடையை நீக்கியது. திறமை ஆட்டம்தான், நான் மறுக்கலை. ஆனால் செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு வந்து ராத்திரி 2 மணிக்குப் போனில் ஆடுகிறவனுக்கு எதிரில் முகமும் இல்லை, பழக்கமும் இல்லை, ஒரு எண் மட்டும்தான். 2025 பிப்ரவரியில் ராத்திரி 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாதுன்னு மாநில விதி வந்தது. அதே ஆகஸ்டில் நாடாளுமன்றம் காசு கட்டும் ஆன்லைன் ஆட்டத்துக்கே தடைச் சட்டம் போட்டது. எனக்கு வருத்தமில்லை.

ஏன்னா, பெரிய கட்டுக்கு இரண்டு அளவு உண்டு. நடுவில் இருப்பதற்கு எத்தனை மடங்கு என்பது ஒன்று. எதிராளியின் சட்டைப்பைக்கு எத்தனை மடங்கு என்பது இன்னொன்று. ஆயிரம் ரூபாய் நிரந்தர ஊழியருக்கு ஒரு சினிமாச் செலவு, கான்ட்ராக்ட் ஆளுக்கு வாரத்துச் சாப்பாடு. அதைக் கட்ட வந்தால் ஒருத்தர் சீட்டைப் பார்க்கிறார், மற்றவர் வாடகையைப் பார்க்கிறார். அங்கே ஜெயிப்பது திறமைன்னு எந்த முகத்தோடு சொல்றது? எல்லோருக்கும் 200 கொட்டை என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

சரி, நான் எப்பவுமே கவிழ்ப்பேனா? இரண்டு ஆளுக்கு மட்டும் கவிழ்க்க மாட்டேன். ஒருத்தர், போன ஆட்டத்தில் தோற்றுவிட்டு அடுத்த கையிலேயே எல்லாவற்றையும் தள்ளுகிறவர். இன்னொருத்தர் கட்டுவதற்கு முன்னாடி "உங்கிட்ட எத்தனை கொட்டை இருக்கு?" என்று கேட்பார். நல்ல சீட்டு வந்த அன்னிக்கு அவர் அப்படிக் கேட்டதே இல்லை.