தவிட்டோடு போனது

உணவைப் பற்றிப் பேச்செடுத்தாலே தமிழாசிரியர் சிலர் முகஞ்சுளிப்பர். அது நலக்கல்வி ஆசிரியரின் வேலை என்பர். செய்யுள் ஓதும் நாவுக்கும் சோறுண்ணும் நாவுக்கும் உறவே இல்லை என்பது அவர்தம் எண்ணம் போலும்!

இந்நாட்டு வரலாற்றை அவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் பெரிபெரி என்னும் நோயால் கால் வீங்கி, நெஞ்சு தளர்ந்து, கூட்டங்கூட்டமாய் மாண்டனர். அதே வெயிலில், அதே மண்ணில் பாடுபட்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் அண்டவில்லை. தமிழருக்குத் தனி மருந்து கிடைத்ததா? இல்லை. கூலி மிகுதியா? அதுவும் இல்லை. வேறுபாடு சோற்றில் இருந்தது. சீனர் உண்டது ஆலையில் வெள்ளை வெளேரெனத் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது நெல்லை அவித்து உலர்த்திக் குத்திய புழுங்கலரிசி. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் அளித்தார். முதற்பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவருள் புதிதாக எவரையும் அந்நோய் பற்றவில்லை. தீட்டும்போது உதிரும் தவிட்டோடே உயிர்காக்கும் சத்தும் போய்விடுகிறது என்பதைப் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பின்னர் நிறுவினர். நெல்லை அவிக்கும்போது அச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனையே இன்று தயமின் என்கிறோம்.

ஆகவே, பக்குவப்படுத்துதல் எல்லாம் பகையன்று. நெல்லை அவித்தலும், மாவைப் புளிக்கவைத்தலும், பாலைத் தயிராக்கலும் பக்குவமே. சத்தை உரித்தெறிந்துவிட்டு, சருக்கரையும் உப்பும் எண்ணெயும் சாயமும் ஏற்றி உறையில் அடைப்பதே பகை.

அன்று சோற்றால் பிழைத்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று எவ்வாறு உள்ளனர்? 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியரில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியருள் அது 31.4 விழுக்காடு. "பரம்பரை நோய்" என்று கையை விரிப்பார் உளர். பரம்பரைக்கும் பங்குண்டு, மறுப்பாரில்லை. ஆயினும் இரண்டு தலைமுறைக்குள் குருதியா மாறிற்று? உழைப்புக் குறைந்தது; தட்டு மாறிற்று. லயத்துக் கொல்லையில் முருங்கையும் கீரையும் மரவள்ளியும் இருந்தன. பலர் மாடும் வளர்த்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் அடுக்குமாடிக்கு ஏறியபோது அக்கொல்லை உடன் ஏறவில்லை.

2019இல் அமெரிக்காவில் 20 பேரை மருத்துவமனையில் தங்கவைத்து ஓர் ஆய்வு நடந்தது. இரு வாரம் ஆலை உணவு, இரு வாரம் புத்துணவு. இரண்டிலும் பரிமாறிய சருக்கரை, கொழுப்பு, நார் ஆகியவற்றின் அளவு ஒன்றே. எனினும் ஆலை உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டனர். வளர்ந்தவர் நிலையே இது. பத்து வயதுப் பிள்ளையிடம் "அளவோடு உண்" என்று அறிவுரை கூறி என்ன பயன்?

விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தேறும் தாயைக் குறைகூறுவது அறமன்று. அவளுக்கு நேரமில்லை, சந்தையில் கீரை விலையும் அவளுக்கு உவப்பாயில்லை. குற்றம் சாட்டப்பட வேண்டியது, நேரமும் அதிகாரமும் உள்ள பள்ளிகளே. சிற்றுண்டிச்சாலைக் குத்தகையில் வாடகையைப் பார்க்கிறார்கள். விற்கும் பண்டத்தைப் பார்ப்பதில்லை. அரசு 1.7.2019 முதல் இனிப்புப் பானத்திற்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்தது. பின்னர் அதனை உயர்த்தவும் செய்தது. ஆனால் வகுப்பில் சரியான விடை சொன்ன பிள்ளைக்கு மிட்டாய் நீட்டும் ஆசிரியர் கை ஓயவில்லை. எழுத்தாளர் கூட்டங்களின் சருக்கரைப்பால் தேநீரைப் பற்றி இங்கு எழுதினால் பகை வரும்!

உணவே மருந்தெனக் கட்டுரைப் போட்டிக்குத் தலைப்புத் தந்து, எழுதி முடித்த சிறுவர் கையில் சாயநீர்ப் பொட்டலத்தைத் திணித்து அனுப்பும் பள்ளிகளும் உண்டு. சரசுவதி பூசையன்று கொண்டைக்கடலைச் சுண்டலும் வாழைப்பழமும் வழங்க அதே பள்ளிகளால் முடிகிறது. ஏனைய நாள்களில் முடியாமற் போவதற்கு எந்தச் சுற்றறிக்கையும் காரணமன்று.