கீரை விதைக்கவும் கல்லூரியா?

தோட்டக்கலையையும் இல்வாழ்க்கை நிர்வாகத்தையும் கற்பிக்கக் கல்லூரி எதற்கு என்று கேட்போர் உண்டு. நானும் கேட்டவன்தான். கலைப்பட்டம் பெற்றவனாயிற்றே, அந்தச் செருக்கு!

பத்தாம் வகுப்புடன் வீட்டில் அமர்ந்துவிட்ட நம் பெண்மக்களைக் கண்டபின் அக்கேள்வி அடங்கிற்று. 1901-இல் அமெரிக்காவின் ஜோலியட் நகரில் தோன்றிய இம்முறை, புதுவையில் 1995-இலும் சென்னையில் 1996-இலும் சமுதாயக் கல்லூரியாக வேர்பிடித்தது. இடைநின்றோரையும் ஏற்பதே அதன் சிறப்பு. தொழிலோடு வாழ்க்கைத் திறன்களையும் அங்கே பாடமாக்கினர்.

முளைக்கீரை விதைத்த இருபத்தைந்து நாட்களில் பறிப்புக்கு வரும். முருங்கைக்கு விதைகூட வேண்டியதில்லை. கொம்பை நட்டால் போதும். உளூச் செய்த நீர் வாழைக்குப் பாயட்டும். இவையெல்லாம் நம் பாட்டிமார் அறிந்தவையே. ஆயினும், மாடித் தொட்டியின் அடியில் துளையிட மறந்து வேரை அழுகவைப்பவர்கள் நாம்தாமே!

வீட்டு வரவு செலவும் அவ்வாறே. சம்பளம் எவ்வளவு என்பதையே மனைவியிடம் மறைத்துவிட்டு, அவளுக்குச் சிக்கனம் தெரியவில்லை என்று கடிந்துகொள்ளும் கணவர்களை நான் அறிவேன். அவ்வகுப்பின் முதல் வரிசை அவர்களுக்குரியது.

மகளைச் சேர்க்க எண்ணும் பெற்றோரே, கட்டணம் செலுத்துமுன் அச்சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் பெற்றது என்று கேட்டறியுங்கள்.